நாயையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு

தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு இருங்கள், இது ஆறுதலாகச் சொல்ல வேண்டிய விஷயம். மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருக்கிற அக்கா ஒருவர் கேட்டார்: "ஓகஸ்ட்ல மகள் குடும்பத்தோட டொரண்டோவில இருந்து வாறா. புள்ளைகளுக்கு ஒரு நாள் டவுனுக்குப் போகணுமாம், நாயையும் கொண்டு போகணுமாம், ஒரு மட்ச்சும் பார்க்கணுமாம். எப்பிடித் தம்பி செய்யிற?"

பிள்ளைகள் கேட்டதில் பிழை எதுவும் இல்லை. டொரண்டோவின் புளூ ஜேஸ் அணி ஆடுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, குடும்பத்தோடு பேஸ்போல் பார்க்கப் போவது கோயில் திருவிழாவுக்குப் போவது மாதிரி. வட அமெரிக்க மைதானங்கள் பலவற்றில் நாய்களுக்கென்றே ஒரு நாள் வைக்கிறார்கள். சிக்காகோவின் வைட் சொக்ஸ் அணி 1996இல் அதைத் தொடங்கி வைத்தது. நாயோடு வருகிறவர்களுக்குத் தனி ஆசனப் பகுதி ஒதுக்குவார்கள், ஊசி போட்ட அத்தாட்சியைக் கேட்பார்கள், ஆட்டம் தொடங்குமுன் நாய்களை மைதானத்தைச் சுற்றி நடத்தியும் கொண்டுவருவார்கள். இங்கே அதெல்லாம் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. செய்ய முடியாத வேலையும் இல்லை.

அக்காவுக்கு நான் முதலில் சொன்னது இதுதான். பார்க்க வேண்டிய இடங்களை எழுதி வைத்துக்கொண்டு அதற்குள் நாயை நுழைக்கப் பார்க்காதீர்கள். நாய்க்கு எந்த நேரம் தாங்கும், எந்த நேரம் தாங்காது என்று பாருங்கள். தாங்குகிற நேரத்துக்குள் அடங்குகிற டவுன் போதும்.

ஓகஸ்ட் என்றதும் எனக்குக் கச்சான் காற்றுத்தான் நினைவுக்கு வருகிறது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சரிவில் இறங்க இறங்கச் சூடேறி, காய்ந்த காற்றாக மட்டக்களப்புக்கு வந்து சேர்கிறது. கடல்காற்று எழும்பப் பிந்துகிற நாளில் பத்து மணிக்கே முகம் எரியும். நமக்கு உடம்பு முழுக்க வேர்க்கும், வேர்வை காய்ந்தால் சூடு தணியும். நாய்க்குப் பாதத்தடியில் மட்டும்தான் ஒள்ளுப்பம் வேர்க்கும். அதன் உடம்புச் சூடு வெளியேற முக்கியமான வழி, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு இளைப்பதுதான். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 பாகை வரை. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மூடிய வாகனத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துசேர அதிக நேரம் எடுக்காது. ஐந்து நிமிஷம்தானே என்று நாயை வேனுக்குள் பூட்டிவிட்டுக் கடைக்குள் போகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கண்ணாடியை நாலு விரல் இறக்கி விட்டாலும் உள்ளே சூடு குறையாது.

அடுத்தது தார் ரோட்டு. நாமெல்லாம் செருப்போடு நடக்கிறோம், அது வெறுங்காலோடு நடக்கிறது. புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். ஏழு எண்ணும் வரை வைத்திருக்க முடியவில்லையென்றால் அந்த ரோட்டில் நாயை நடத்தக் கூடாது. பாதத்துத் தோல் கழன்று வந்த பிறகு மருந்து பூசி ஆற்றுவது பெரிய பாடு.

ஆகவே நாள் இரண்டாக உடையும். விடியப்புறம் ஐந்தரைக்கு வெளிக்கிட்டு ஒன்பதரை வரை ஒரு பாதி, பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு மறு பாதி. நடுவில் இருக்கிற ஆறரை மணித்தியாலத்துக்கு டவுனிலோ கல்லடியிலோ ஒரு சொந்தக்காரர் வீடு வேண்டும். மாமியோ மச்சாளோ யாராவது இருப்பார்கள். அந்த வீட்டில் ஏற்கெனவே நாயோ பூனையோ இருக்கிறதா, வளவுக்குள் மரநிழல் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணம் நன்றாக அமைவதும் குழம்புவதும் பெரும்பாலும் இந்த மத்தியான வீட்டில்தான் இருக்கிறது. பிள்ளைகளும் அங்கே சோறும் மட்டக்களப்புத் தயிரும் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டால் பின்னேரம் சிணுங்க மாட்டார்கள். நாய்க்குச் சாப்பாடு காலையில் கொஞ்சம், இரவு வீட்டுக்கு வந்து மிச்சம். வெங்காயம் போட்ட கறிச்சோறும் சொக்லேட்டும் அதற்கு நஞ்சு என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இனி மட்ச். பேஸ்போல் இலங்கையிலும் ஆடுகிறார்கள். கொழும்புக்கு அருகே தியகமவில் யப்பான் உதவியோடு அமைத்த மைதானம் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பிலிருந்து ஒரு நாளில் நாயோடு போய்வரக்கூடிய தூரம் இல்லை. அதற்காக முகம் வாட வேண்டாம். பேஸ்போலுக்கு மிகக் கிட்டிய சொந்தம் நம் நாட்டு எல்லே. மூங்கில் தடி, டெனிஸ் பந்து. அடிக்கிறவருக்கு மூன்று வாய்ப்பு. பந்தை அடித்துவிட்டு நாலு எல்லைகளைச் சுற்றி ஓடி வர வேண்டும், இடையில் எல்லையில் நின்றுகொள்ளலாம். அடித்த பந்தைப் பிடித்தால் ஆட்டமிழப்பு. ஓடுகிறவரின் மேல் பந்தை எறிந்து பட்டாலும் ஆட்டமிழப்பு. பேஸ்போலில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே 27 மீற்றர் சொச்சம், எல்லேயில் அது ஏறத்தாழ 55 மீற்றர். ஓட்டம் இரண்டு மடங்கு. பேஸ்போல் தெரிந்த பிள்ளைக்குப் பத்து நிமிஷத்தில் விளங்கிவிடும், மறுகா அந்தப் பிள்ளைதான் அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தும்.

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் எல்லே கட்டாயம் இருக்கும், பள்ளிக்கூடங்களிலும் ஆடுகிறார்கள். ஓகஸ்டில் எல்லே அகப்படாவிட்டால் சனி ஞாயிறுகளில் கழகங்கள் நடத்தும் மென்பந்துக் கிரிக்கெட்டோ உதைபந்தாட்டமோ எங்காவது நடக்கும். எது என்றாலும் என் விருப்பம் வேலியில்லாத திறந்த மைதானம். கூரை போட்ட அரங்கில் சனத்துக்கு நடுவே நாயோடு மாட்டிக்கொண்டால் எழும்பி வர வழியிருக்காது. திறந்த மைதானத்தில் மரத்தடியில் நின்று பார்க்கலாம், நாய் பதறினால் பத்து எட்டில் ரோட்டுக்கு வந்துவிடலாம். நாயைக் கொண்டுவரலாமா என்று ஏற்பாட்டாளரிடம் முதல் நாளே கேட்பது மரியாதை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

டெனிஸ் பந்து என்றேனே, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முற்றத்தில் பிள்ளைகள் எறிய, நாய் கவ்விக்கொண்டு ஓடி வருவதும் அதே பந்துதான். மைதானத்தில் அடி விழுந்து பந்து உருண்டு வருவதைக் கண்டால் அதன் காது நிமிரும், பின்னங்கால் மண்ணில் ஊன்றும். அடுத்த நொடி அது ஆட்டத்துக்கு நடுவே நிற்கும். ஆகவே கழுத்துப்பட்டியை மட்டும் நம்பாமல் நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற பட்டி போட்டு, கயிற்றைப் பெரிய ஆள் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளையின் கையில் கொடுக்கவே வேண்டாம். இழுத்த இழுப்பில் பிள்ளை முகம் குப்புற விழும்.

இன்னொன்று வெடி. வென்ற பக்கம் வெடி கொளுத்தாமல் நம் ஊரில் எந்த விளையாட்டு முடிந்திருக்கிறது? ஒலிபெருக்கியையாவது தள்ளி நின்று தாங்கலாம். வெடிச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய், தெரியாத டவுனில் வீடு திரும்பாது. பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதிக் கட்டுங்கள். ஆட்டம் முடிய ஒரு கால் மணித்தியாலம் இருக்கும்போதே நாயும் அதைப் பிடித்திருப்பவரும் புறப்பட்டுவிட வேண்டும். கடைசிக் கட்டத்தைப் பார்க்க முடியாத அந்த ஆள் யார் என்று காலையிலேயே பேசி முடிவெடுத்தால் பின்னேரம் சண்டை வராது.

உள்ளூர் ஆட்டத்துக்குக் காத்திருக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, பேஸ்போல் ஆடும் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலிருந்து யேசுசபைத் துறவிகள் மட்டக்களப்புக்கு வந்தார்கள். 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் அவர்கள் வேரூன்றச் செய்தது பேஸ்போல் இல்லை, கூடைப்பந்து. டவுனில் இருக்கும் வெபர் மைதானம் அவர்களில் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. மிக்கேல் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பயிற்றிய யூஜின் ஹெபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து டவுனுக்குத் திரும்பும் வழியில், கூட வந்த இளைஞரோடு காணாமற்போனார். இருவரும் திரும்பவேயில்லை. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் கால் வைக்கிற மைதானத்தில் யார் யார் வேர்வை சிந்தினார்கள் என்று தெரிந்தே அவர்கள் ஆட்டம் பார்க்கட்டும்.

பயணத்துக்கு வருவோம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படுவான்கரைக்காரருக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகுக்காகத் துறையில் காத்து நிற்கிற பாடு குறைந்தது. பாலத்தைக் கடந்து ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி என்று வருவது வழி. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஆகவே வேனோ ஓட்டோவோ பிடிக்க வேண்டும். பேசும்போதே "நாயும் வரும்" என்று சொல்லிவிடுங்கள். ஓட்டுகிறவர் முஸ்லிம் சகோதரர் என்றால் இது வெறும் மரியாதைக் கேள்வி மட்டுமில்லை. இங்கே பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். தொழுகைக்கு உடுத்த உடுப்போடு இருக்கிறவரை நம் நாய் நக்கிவிட்டால் அவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். காத்தான்குடியில் சாமான் வாங்க இறங்கினால் நாய் வாகனத்தில் ஒருவரோடு இருக்கட்டும். கோயிலுக்கும் இதே ஒழுங்குதான். மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போவதென்றால் ஆளுக்கு ஆள் மாறி உள்ளே போய் வாருங்கள்.

காலைப் பாதிக்குக் கல்லடிக் கடற்கரை நல்லது. மணல் சுடுமுன் நாய் ஓடலாம், பிள்ளைகள் சிப்பி பொறுக்கலாம். ஆனால் கரைவலை இழுத்த இடத்தைச் சுற்றிக் கண் வையுங்கள். வலையில் வந்த பேத்தை மீனை உண்ண முடியாதென்று மணலில் எறிந்துவிட்டுப் போவார்கள். ஊதிப்போய்க் கிடக்கும் அந்த மீனை நாய் பந்தென்று கவ்வும். பேத்தையின் நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கெளிறின் முள் அண்ணத்தில் ஏறினாலும் அன்றைய நாள் முடிந்தது.

அங்கிருந்து புளியந்தீவு. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தையும் 2013இல் வந்த புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டையை வெளியிலிருந்து பார்த்தாலே போதும். காந்தி பூங்காப் பக்கம் வாவிக்கரையில் நடக்கும்போது நாயைத் தண்ணீரில் இறக்காதீர்கள். இந்த வாவியில் முதலை இருக்கிறது, நாய் என்றால் அதற்கு வசதியான இரை. மீன்சந்தை, பஸ் நிலையம் பக்கம் போகவே வேண்டாம். அங்கே இருக்கிற தெருநாய்கள் தங்கள் இடத்துக்குள் புதிய நாயை விடாது.

தெருநாய் என்றதும் விசர் ஊசி. நம் நாய்க்கு இது முதல் ஊசி என்றால், போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, மூன்று நாலு கிழமை எடுக்கும். ஆகவே ஓகஸ்ட் பயணத்துக்கு ஜூலைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். யாரையாவது எந்த நாயாவது கடித்தால், பிறாண்டினாலும்கூட, சவர்க்காரம் போட்டு ஓடுகிற நீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நம் வீட்டு நாய்தானே என்று பேசாமல் இருப்பதும், மஞ்சள் அரைத்துப் பூசுவதும் வேண்டாம்.

நாய் தள்ளாடினால், எச்சில் பசைபோல் இழுபட்டால், முரசு செக்கச்செவேலென்று சிவந்தால் அது சூடேறிவிட்டது என்று அர்த்தம். நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிலும் தண்ணீரை ஊற்றி ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே அடைபடும். விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அரச காரியாலயம் ஞாயிறும் போயாவும் பூட்டு. அந்த நாட்களில் பார்க்கிற வைத்தியரின் இலக்கம் புறப்படுமுன் தொலைபேசியில் ஏறியிருக்க வேண்டும்.

மூக்குச் சப்பையான பக் போன்ற நாய், கிழட்டு நாய், குட்டி வயிற்றில் இருக்கிற நாய் இவற்றைக் கூட்டிப் போகவே வேண்டாம். அக்கா வீட்டில் நிற்பது இரண்டு வயது ஊர்நாய், திடமானது, அதனால் ஓமென்றேன். இரவு வீட்டுக்கு வந்ததும் விளக்கடியில் படுக்கவைத்து, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பார்க்கச் சொன்னேன். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பார்க்கச் சொன்னேன், அவர்களுக்குக் கண் கூர்மை.