ஃபின் உடைஞ்சு போச்சா? பால்சா ராக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க!

ஆசையாக ஆர்டர் பண்ணிய மாடல் ராக்கெட் கிட். பால்சா பலகையிலிருந்து ஃபின்களை வெட்டி, ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். காலையில் பார்த்தால், ஒரு ஃபின் அப்பளம் மாதிரி வளைந்திருக்கிறது. நேராக்கலாம் என்று அழுத்தினால்... 'டப்'! இரண்டு துண்டு.

சதுரங்கப்பட்டினம் மாதிரி கடலோர ஊரில் இருந்தால் இது சகஜம்தான். பதறாதீங்க, சரிசெய்யலாம்.

ஏன் வளைகிறது?

பால்சா, தென் அமெரிக்காவில் வளரும் மிக லேசான மரம். காற்றில் இருக்கும் ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் அந்தப் பக்கம் விரிந்து, பலகை எதிர்ப்பக்கமாக வளையும்.

குழிந்த பக்கத்தில் ஈரத்துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். இரண்டு கண்ணாடித் தட்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு பக்கமும் சீலர் அடித்துவிட்டால், மறுபடி ஈரம் ஏறுவது குறையும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் திரும்பவும் வளையும்!

உடைந்துவிட்டதா?

உடைந்த விளிம்பைத் தேய்க்க வேண்டாம். அந்தச் சிராய்கள்தான் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும். ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி இணைத்து, பிளாஸ்டிக் தாள் மேல் வைத்து டேப் ஒட்டி, ஒரு ராத்திரி விடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மர நார்கள் ஃபின்னின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குழாய்க்கு இணையாக ஓடினால், ஒட்டினாலும் திரும்ப உடையும். பழைய ஃபின்னை அச்சாக வைத்துப் புதுசு வெட்டிக்கிறதுதான் நல்லது.

மூக்கு மாட்டிக்கிச்சா?

ஈரத்தில் உப்பிய மூக்குக்கூம்பு குழாயில் இறுகிவிடும். அப்படியே பறந்தால் பாராசூட் வெளியே வராது. அடிப்பகுதியை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். லூஸாகிவிட்டால் ஒரு சுற்று மாஸ்க்கிங் டேப் போதும்.

பறக்கவிடலாமா?

பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். அனுமதி இல்லாமல் இங்கே எதையும் வானில் ஏவ நினைக்காதீங்க. வீட்டில் வெடிமருந்து கலந்து இன்ஜின் செய்வது உயிருக்கே ஆபத்து. 1884-ம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பது குற்றமும்கூட. ஆசைப்பட்டால் முறையான வழி இருக்கிறது. சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, மாமல்லபுரத்தைத் தாண்டி இருக்கும் பட்டிபுலத்திலிருந்து, 2023 பிப்ரவரி 19 அன்று மாணவர்கள் உருவாக்கிய 150 குட்டிச் செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் அனுமதியோடு கிளம்பியது.

அதுவரை வீட்டிலேயே ஒரு டெஸ்ட் செய்யலாம். இன்ஜின் எடைக்குச் சமமாகக் களிமண்ணை வால்பகுதியில் வைத்து, ராக்கெட் சமநிலையில் நிற்கும் இடத்தில் நூல் கட்டி, திறந்தவெளியில் தலைக்கு மேல் சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் சூப்பர். வால் முன்னால் வந்தால், மூக்குக்குள் கொஞ்சம் களிமண் சேருங்கள்.

மனசு உடைந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3, 1979 ஆகஸ்ட் 10 அன்று ஒரு வால்வுக் கோளாறால் வங்கக் கடலில் விழுந்தது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். 1980 ஜூலை 18 அன்று, அதே ரக ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஒரு ராத்திரிதான். பசை காயுறவரைக்கும் மட்டும் கையை வைக்காதீங்க!