கேட்டால் கிடைக்காது ஏ.சி. பெட்டி! கேட்டால் கிடைக்கும் கீழ் படுக்கை!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரெயில் பயணிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி

ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தவர் ஏ.சி. பெட்டியில் போர்வை போர்த்திப் படுத்துப் போகிறார். கூடுதலாக ஒரு பைசா கட்டவில்லை. "அண்ணாச்சிக்கு பெரிய இடத்து சிபாரிசு போல!" என்று கூட வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். சிபாரிசும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் செய்த வேலை!

மாலையில் செங்கோட்டையில் கிளம்பி மறுநாள் காலை சென்னை போய்ச் சேரும் பொதிகை எக்ஸ்பிரஸ்தான் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனங்களுக்கு ராத்திரி வண்டி. மில் கணக்கர், பேண்டேஜ் துணி வியாபாரி, பால்கோவா டப்பாவோடு மகள் வீட்டுக்குப் போகும் அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகும் பெரியவர் என்று பலரும் ஏறுவார்கள். நல்ல படுக்கை கிடைக்குமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

இலவச உயர்வு எப்படி?

ரெயில்வே 2006-ம் ஆண்டு தொடங்கிய திட்டம் இது. மேல் வகுப்பில் படுக்கை காலியாகக் கிடக்கும். கீழ் வகுப்பில் வெயிட்டிங் லிஸ்ட் நீண்டுகொண்டே போகும். சார்ட் தயாராகும்போது, முழுக் கட்டணம் கட்டிய சிலரை கம்ப்யூட்டரே மேல் வகுப்புக்கு மாற்றிவிடும். அவர்கள் விட்ட இடம் வெயிட்டிங் லிஸ்டில் காத்திருப்பவருக்குப் போகும்.

பாஸ், சலுகை டிக்கெட்காரர்களுக்கு இந்த யோகம் கிடையாது. ஒரே டிக்கெட்டில் 4 பேர் என்றால் 4 பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. பிறகு டிக்கெட்டை ரத்து செய்தாலும் பழைய வகுப்புக்கு உள்ள பிடித்தம்தான்.

"சார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று டிக்கெட் பரிசோதகரிடம் கெஞ்சிப் பயனில்லை. இந்த இலவச உயர்வு அவர் கையில் இல்லை.

விமானத்திலும் அதே கதை

மதுரைக்குப் போய் விமானம் ஏறுகிறவர்களுக்கும் இந்த ஆசை உண்டு. பறந்த தூரத்துக்குப் பரிசு தரும் திட்டத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-ல் தொடங்கியது. மற்ற கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. சேர்த்த பாயிண்டில் டிக்கெட் வாங்கிவிட்டு, "முன்னால நல்ல சீட் இருக்குமா மேடம்?" என்று கவுண்டரில் கேட்பார்கள். பதில் சிரித்த முகத்தோடு வரும். சீட் வருவது அபூர்வம். டிக்கெட்டின் வகை, கார்டின் தரம், காலி இடம் இந்த மூன்றும்தான் அங்கே தீர்மானிக்கும். கால் நீட்ட வசதியான அவசர வழி வரிசையை முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தரவே மாட்டார்கள்.

ஓசி ஏ.சி.யில் ஒரு சிக்கல்

ரெயிலுக்கு வருவோம். முன்பதிவுப் படிவத்தில், மேல் வகுப்புக்கு மாறச் சம்மதமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பதில் எழுதாமல் விட்டால் சம்மதம் என்றுதான் கணக்கு!

மேல் வகுப்புக்குப் போனால் அங்கேயும் கீழ் படுக்கை என்று உத்தரவாதம் கிடையாது. முழங்கால் வலிக்காரர் ஸ்லீப்பரில் கிடைத்த லோயர் பெர்த்தை விட்டுவிட்டு, ஏ.சி. பெட்டியில் ஏணி ஏற வேண்டி வரலாம். ஏற முடியாதவருக்கு ஏ.சி. எதற்கு? அப்படிப்பட்டவர்கள் 'வேண்டாம்' என்று எழுதிவிடுவதே புத்திசாலித்தனம்.

எங்கே கேட்க வேண்டும்?

60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டி ஒன்றுக்கு 6 முதல் 7 வரை. ஆனால் தனியாகவோ, தகுதியுள்ள இருவராகவோ டிக்கெட் எடுக்க வேண்டும். மகன், மருமகள், பேரன் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால், தாத்தாவும் பாட்டியும் இந்த ஒதுக்கீட்டில் வர மாட்டார்கள். தனி டிக்கெட் எடுத்தால் மகன் வேறு பெட்டிக்குப் போக நேரலாம். எது முக்கியம் என்பதை வீட்டிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு இன்னொரு வழி: 'ஒரு கீழ் படுக்கையாவது கிடைத்தால் மட்டும் பதிவு செய்' என்று குறிக்கலாம்.

இவ்வளவு செய்தும் பெரியவருக்கு மேல் படுக்கைதான் கிடைத்ததா? இப்போதுதான் வாய் திறந்து கேட்க வேண்டும். வண்டி கிளம்பிய பிறகு கீழ் படுக்கை காலியாக இருந்தால், அதை முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்க டிக்கெட் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டு. "சார், அம்மாவுக்கு மேலே ஏற முடியாது. கீழே ஏதும் காலி இருக்கா?" இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. இது சலாம் போட்டு வாங்கும் சலுகை அல்ல, விதியிலேயே உள்ளது.

கடைசியாக ஒன்று. ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் செல்போனில் பி.என்.ஆர். நிலவரத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டர் இடம் மாற்றியது தெரியாமல் பழைய பெட்டியில் ஏறினால், உங்கள் படுக்கையில் இன்னொருவர் படுத்திருப்பார். அவரோடு மல்லுக்கட்டி லாபமில்லை. அந்த இடம் இப்போது அவருடையது!