பால் குடிச்சா ஹார்மோன் எகிறுமா? முகப்பரு முதல் தைராய்டு மாத்திரை வரை... எது உண்மை, எது ஃபார்வர்டு?

`பாலை நிறுத்துங்க, பி.சி.ஓ.டி சரியாகிடும்' என்கிறது ஒரு ரீல்ஸ். அடுத்த ஸ்வைப்பில், `தினமும் ரெண்டு டம்ளர் பால் குடிச்சாதான் எலும்பு ஸ்ட்ராங்கா இருக்கும்' என்கிறது இன்னொன்று. இதற்கிடையில் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில், `மாட்டுக்கு ஊசி போட்டுக் கறக்குறாங்க, அதான் பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வர்றாங்க' என்று பெரியப்பா ஒரு ஃபார்வர்டு தட்டிவிட்டிருப்பார். இதில் எதைத்தான் நம்புவது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பாலில் ஹார்மோன் இருக்கா?

இருக்கு. கன்றுக்காகச் சுரப்பதுதானே பால்! ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன், வளர்ச்சிக்கு உதவும் ஐ.ஜி.எஃப்-1 எல்லாமே அதில் இயற்கையாகவே உண்டு. சினையாக இருக்கும் மாட்டின் பாலில் ஈஸ்ட்ரோஜென் இன்னும் கொஞ்சம் கூடுதல். காய்ச்சினாலும் இவை முழுதாகப் போய்விடாது.

ஆனால், அளவுதான் முக்கியம். ஒரு டம்ளர் பாலில் இருக்கும் ஈஸ்ட்ரோஜென், நம் உடல் தினமும் தானாகத் தயாரிப்பதோடு ஒப்பிட்டால் மிக மிகச் சொற்பம். அதிலும் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைத்துவிடும். ஈஸ்ட்ரோஜென் கொழுப்பில் கரையும் என்பதால், நீல பாக்கெட்டை விட ஆரஞ்சு பாக்கெட் பாலில் சற்று அதிகம் இருக்கலாம். அதற்காகப் பயப்படும் அளவு இல்லை.

அப்போ அந்த ஊசி?

இரண்டு வேறு ஊசிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, நம் ஊரில் பேசப்படும் ஆக்ஸிடோசின். இது மடியில் இருக்கும் பாலை இறங்க வைக்கும். புரத வகையைச் சேர்ந்த ஹார்மோன் என்பதால், பாலில் கலந்தாலும் நம் வயிறு அதைச் செரித்துவிடும். பாதிப்பு மாட்டுக்குத்தான். மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் இப்படியான ஊசிகளை 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமே தடை செய்கிறது.

இன்னொன்று, பால் உற்பத்தியைக் கூட்டும் செயற்கை வளர்ச்சி ஹார்மோன். அமெரிக்கா 1993-ல் இதற்கு அனுமதி கொடுத்தது. கனடா 1999-ல் மறுத்துவிட்டது. மறுப்புக்கு முக்கியக் காரணம், மாடுகளுக்கு வரும் மடி நோயும் கால் ஊனமும்தான்.

முகப்பருவுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் ஃபார்வர்டில் கொஞ்சம் உண்மை இருக்கு. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பள்ளிப்பருவத்தில் அதிகம் பால் குடித்த பெண்களிடம் முகப்பரு சற்றுக் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. ஆச்சர்யம் என்னவென்றால், கொழுப்பு நீக்கிய பாலில்தான் அந்தத் தொடர்பு அதிகம்!

அதனால் சந்தேகம் பாலில் இருக்கும் ஹார்மோன் மேல் மட்டுமில்லை, பால் புரதத்தின் மேலும் திரும்பியது. பால் குடித்தால் நம் உடலே இன்சுலினையும் ஐ.ஜி.எஃப்-1-ஐயும் சற்று அதிகமாகச் சுரக்கிறது. அவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டக்கூடும். ஜிம்முக்குப் போய் `வே புரோட்டீன்' எடுக்க ஆரம்பித்ததும் சிலருக்கு முதுகில் பரு வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றில்லை. சந்தேகமாக இருந்தால், ஒன்றரை மாதம் பாலைக் குறைத்துப் பாருங்கள். மாற்றம் தெரியலையா? பால் மேல் பழி போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பி.சி.ஓ.டி, சீக்கிரம் வயதுக்கு வருவது..?

பால்தான் பி.சி.ஓ.டி-க்குக் காரணம் என்று இதுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பிரச்னை உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் டம்ளரில் பாலைத் தேடுவதைவிட, சர்க்கரையைத் தேடுங்கள். நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் என்றால் சுமார் 40 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுமிகள் சீக்கிரம் வயதுக்கு வருவதிலும், பாலைவிட உடல் பருமனுக்கே வலுவான ஆதாரம் இருக்கிறது.

இதைக் கட்டாயம் அம்மாகிட்ட சொல்லுங்க!

பாலும் ஹார்மோனும் நிஜமாகவே மோதும் இடம் தைராய்டு மாத்திரை. காலையில் மாத்திரையைப் போட்டதும் கையோடு காபி குடிப்பவர்கள் நிறைய பேர். பாலில் உள்ள கால்சியம், மாத்திரை உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். காபிக்கும் அதே குணம் உண்டு. `ஒழுங்காத்தானே மாத்திரை போடுறேன், ஏன் டி.எஸ்.ஹெச் குறையவே மாட்டேங்குது?' என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மாத்திரை. காபி, பால் எல்லாம் அரை மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

பாலை நிறுத்தினா என்ன ஆகும்?

வளர்ந்தவர்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது ஐ.சி.எம்.ஆர். 200 மி.லி பசும்பாலில் கிடைப்பது சுமார் 240 மில்லிகிராம். கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி மாதிரி உணவுகளால் அதை ஈடுகட்டலாம். ஆனால், சைவம் சாப்பிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வைட்டமின் பி12 கிடைப்பதே பெரும்பாலும் பால், தயிரில்தான். அதையும் நிறுத்தினால் சோர்வு, கை கால் மரத்துப்போவது, ரத்தசோகை என்று புதுப் பிரச்னைகள் வரிசைகட்டும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் பி12 அளவைப் பரிசோதித்துவிட்டு, மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

பால் குடித்தால் வயிறு உப்புசம், பேதி என்றால் அது ஹார்மோன் வேலை இல்லை. பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்கவில்லை என்று அர்த்தம். தயிர், மோருக்கு மாறிப் பாருங்கள். புளிக்கும்போது லாக்டோஸ் குறைந்துவிடுவதால், பலருக்கு அவை ஒத்துக்கொள்ளும்.

மொத்தத்தில், ஒத்துக்கொண்டால் ஒன்றிரண்டு டம்ளர் பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். சர்க்கரையை மட்டும் பார்த்துப் போடுங்க!