குப்பையிலிருந்து வந்த காமெடி: பழைய பிரிட்டிஷ் சிட்காம் எபிசோடுகளைப் பார்க்க ஹாலுக்குப் போவது ஏன்?

ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி டிவியில் ஓடிய கறுப்பு வெள்ளைக் காமெடி. படத்தில் அங்கங்கே கோடு வேறு. அதைப் பார்க்க லண்டனில் டிக்கெட் வாங்கி ஹாலுக்குப் போறாங்க. யூடியூப் இருக்கும்போது இது எதுக்கு? ஏன்னா, அங்கே முதல்முறை திரையேறும் காட்சிகள் அதுவரை யூடியூபிலும் கிடையாது.

பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 1993-ல் தொடங்கிய நிகழ்ச்சி இது. பெயர் 'மிஸ்ஸிங் பிலீவ்ட் வைப்ட்'. 'காணவில்லை, அழிக்கப்பட்டிருக்கலாம்' என்று அர்த்தம். தொலைந்து கிடைத்த பழைய டிவி நிகழ்ச்சிகளை இங்கே ரசிகர்கள் முன் திரையிடுவார்கள்.

அழித்தது யார்?

வேற யாருமில்ல, ஒளிபரப்பிய சேனல்களேதான்! 1960-களில் வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம், விலையும் அதிகம். ஒரு நிகழ்ச்சி ஓடி முடிந்ததும் அதே டேப்பை அழித்து அடுத்ததைப் பதிவு செய்தார்கள். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு இருந்தது. வீட்டில் விசிஆரும் கிடையாது. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளைக்கு இருந்த மதிப்பும் போச்சு. பீட்டர் குக், டட்லி மூர் ஜோடி தங்கள் நிகழ்ச்சியின் டேப்களைக் காசு கொடுத்தே வாங்கிக்கிறோம்னு கேட்டும் பிபிசி தரவில்லை.

அப்போ எப்படிக் கிடைக்குது?

பெரும்பாலும் யாரோ ஒருவர் சட்டதிட்டம் பார்க்காமல் எடுத்து வைத்ததால்தான். பிபிசியின் 'டாட்ஸ் ஆர்மி' 1968 முதல் 1977 வரை ஓடிய சிட்காம். இரண்டாம் உலகப் போரில் ஊர்க்காவல் படையில் சேர்ந்த வயசான ஆட்களின் கதை. இதன் இரண்டாவது சீசனில் ஆறில் ஐந்து எபிசோடுகள் காணாமல் போயின. எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ குப்பையிலிருந்து 1970-களில் ஒருவர் ஃபிலிம் டப்பாக்களை எடுத்துப் போயிருந்தார். தோட்டத்து ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த அவற்றில் இரண்டு எபிசோடுகள் இருந்தது 2001-ல் தெரியவந்தது.

'ஸ்டெப்டோ அண்ட் சன்' கதை வேறு. 1970-ல் கலரில் வந்த பல எபிசோடுகள் இன்று கறுப்பு வெள்ளையில் மட்டும் இருக்கு. எழுத்தாளர்கள் கால்டன், சிம்ப்சனிடம் இருந்த காப்பிதான் காப்பாற்றியது. 'அட் லாஸ்ட் தி 1948 ஷோ'வின் இரண்டு எபிசோடுகள் 2014-ல் தயாரிப்பாளர் டேவிட் ஃப்ராஸ்டின் சேகரிப்பிலிருந்து வந்தன.

இப்போது பயம் வேறு. இப்படி எடுத்து வைத்தவர்களுக்கு வயசாகிவிட்டது. உரிமை சேனலிடம் இருப்பதால் வெளியே சொல்லத் தயங்குபவர்களும் உண்டு. அவர்களுக்குப் பிறகு வீட்டைக் காலி செய்பவர்களுக்கு அது வெறும் பழைய டப்பா.

மொபைலில் பார்த்தா போதாதா?

பார்க்கலாம். ஆனா இந்த சிட்காம்கள் பெரும்பாலும் பார்வையாளர்களை உட்கார வைத்துப் பதிவு செய்யப்பட்டவை. சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார். தனியாகப் பார்த்தால் அந்த இடைவெளி இழுவையாத் தெரியும். நிறைந்த ஹாலில் அது சரியாகப் பொருந்தும்.

'டாட்ஸ் ஆர்மி'யில் மூன்று எபிசோடுகள் இன்னும் பாக்கி. ஒன்றின் ஒலி மட்டும் கிடைத்ததால் 2016-ல் அனிமேஷன் செய்தார்கள். 2019-ல் பழைய ஸ்கிரிப்டை வைத்து வேறு நடிகர்கள் மூன்றையும் நடித்தார்கள். கேப்டன் மெயின்வாரிங்காக ஆர்தர் லோ நடித்த அந்த அசல் மூன்றும் இன்னும் கிடைக்கவில்லை.