தேடினால் கிடைக்குமா உங்கள் தோட்டம்?

உங்கள் தாத்தாவும் பாட்டியும் எந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? இன்றே கேளுங்கள். பிறகு அந்தத் தோட்டத்தின் பெயரைத் தமிழில் தேடுபொறியில் தட்டிப் பாருங்கள். சில பெயர்களுக்கு ஒரு கோயில் திருவிழாப் படமாவது வரும். பல பெயர்களுக்கு ஒன்றுமே வராது.

பேராக் மாநிலத்துக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு நெடியது. லண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ஒன்பது ரப்பர் கன்றுகள் 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் சுங்கை சிப்புட், பத்துகாஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. இன்று அவற்றுள் பல செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிவிட்டார்கள். எஞ்சியிருப்பவை கோயில், தமிழ்ப்பள்ளி, பழைய படங்கள், பெரியவர்களின் நினைவு. இவற்றைச் சிலர் பாடுபட்டு இணையத்தளங்களில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் தேடும்போது அவை வருவதில்லை. ஏன்? பல வேளைகளில் காரணம் சின்னஞ்சிறு தொழில்நுட்பக் கோளாறுதான். அதைக் கண்டுபிடிக்க நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை.

தேடுபொறி எப்படித் தேடுகிறது?

நீங்கள் ஒரு சொல்லைத் தட்டிய பிறகுதான் தேடுபொறி உலகம் முழுதும் ஓடித் தேடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. வேலை முன்பே முடிந்திருக்கும். அது மூன்று கட்டங்களில் நடக்கிறது.

முதலில், ஊர்தி எனப்படும் நிரல் ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. ஒரு பக்கத்தைப் படிக்கும். அதிலுள்ள இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகும். தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி தம் நிரையில் மரத்துக்கு மரம் நடந்து போவதைப் போல. பாதை இல்லாத மரத்துக்கு அவர் போவதில்லை. இணைப்பு இல்லாத பக்கத்துக்கு ஊர்தியும் பெரும்பாலும் போவதில்லை.

இரண்டாவதாக, படித்த சொற்களை ஒரு பெரிய அட்டவணையில் சேர்க்கும். பாடநூலின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதே முறைதான். மூன்றாவதாக, நீங்கள் தேடும்போது அட்டவணையிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்தும். இந்த மூன்றில் எங்கே தடை ஏற்பட்டாலும் பக்கம் உங்கள் கண்ணுக்கு வராது.

கதவு பூட்டியிருக்கிறதா?

ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் 'ரோபோட்ஸ்' என்ற சிறு கோப்பு இருக்கலாம். எந்தப் பகுதிக்குள் ஊர்தி நுழையலாம், எதற்குள் நுழையக் கூடாது என்று அது சொல்லும். இந்த வழக்கத்தை 1994ஆம் ஆண்டில் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்தார். தளத்தைக் கட்டும் காலத்தில் "யாரும் நுழைய வேண்டாம்" என்று அதில் எழுதுவார்கள். கட்டி முடித்த பிறகு அந்த வரியை எடுக்க மறந்துவிடுவார்கள். தளம் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடக்கும்.

'நோ இண்டெக்ஸ்' என்று இன்னொரு கட்டளையும் உண்டு. இது ஒவ்வொரு பக்கத்தின் நிரலுக்குள்ளும் இருக்கும். "படிக்கலாம், ஆனால் அட்டவணையில் சேர்க்காதே" என்பது இதன் பொருள். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? முதல் கட்டளையால் ஊர்தி உள்ளே வராது. வராததால் இரண்டாவது கட்டளையைப் படிக்கவும் முடியாது. மறைக்க நினைத்த பக்கத்தின் முகவரி வேறொரு தளத்தின் இணைப்பு வழியாகத் தேடலில் வந்து நிற்கலாம்! ஆகவே, எதை எங்கே போடுவது என்று அறிந்து போட வேண்டும்.

முறிந்த பாலம்

தோட்டத்திலிருந்த தமிழ்ப்பள்ளிகள் சில நகரத்துக்கு இடம் மாறியபோது, பழைய பெயரையே உடன் கொண்டு வந்தன. தோட்டம் போய்விட்டாலும் பெயரில் 'லாடாங்' நிலைத்திருக்கிறது. இணையத்தளங்களும் இப்படி இடம் மாறும். ஆனால் அஞ்சல்காரருக்குப் புது முகவரி சொல்லாமல் போனால் கடிதம் எப்படி வரும்?

பழைய முகவரியைத் தட்டினால் 404 என்ற எண் வந்தால், பக்கம் இங்கே இல்லை என்று பொருள். 301 என்ற விடையைச் சேவையகம் தந்தால், பக்கம் நிரந்தரமாக வேறிடம் போய்விட்டது, இதோ புது முகவரி என்று பொருள். தளத்தை மாற்றுபவர் ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் 301 அமைத்துவிட்டால், பழைய இணைப்புகளால் கிடைத்த மதிப்பும் புதுப் பக்கத்துக்கு வந்து சேரும்.

ஒரே பக்கம் பல முகவரிகளில் இருப்பதும் ஒரு சிக்கல். எது மூலம், எது நகல் என்று ஊர்தி குழம்பும். 2009ஆம் ஆண்டில் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகிய மூன்றும் இதற்கு ஒரு குறியீட்டை ஏற்றுக்கொண்டன. "இதுவே மூல முகவரி" என்று பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு என்ன?

இனி வருவது நம் மொழிக்கே உரிய சிக்கல். மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய காலத்தில், தமிழுக்கென்று உலகப் பொதுவான குறியீடு இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரியும். உள்ளே கணினி சேமித்திருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான்! தேடுபொறி எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை; குறியீட்டையே படிக்கிறது. எனவே 'தமிழ்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காது.

1991ஆம் ஆண்டில் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் வேறு குறியீட்டில் நூல்களை வெளியிட்டது. பிறகு யூனிகோடுக்கு மாறியது. அதனால்தான் இன்று அந்நூல்களின் ஒரு சொல்லைத் தட்டினாலும் நூல் வந்து நிற்கிறது. மாறாத தளங்கள் இன்னும் இருட்டில் கிடக்கின்றன. கோயில் மலரைப் படம் பிடித்து அப்படியே ஏற்றினாலும் இதே நிலைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எப்போதும் சரியாகப் படிக்கும் என்று நம்ப முடியாது. படத்தின் கீழே தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிகழ்ச்சி ஆகியவற்றை எழுத்தாகத் தட்டி வைப்பதே வழி.

'ஈப்போ' என்ற ஒரு சொல்

யூனிகோடில் எழுதினாலும் கவனம் வேண்டும். 'ஈப்போ' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஈ, ப, புள்ளி, ப, ஓகாரக் குறி என ஐந்து குறியீடுகள். ஆனால் ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். அப்போது ஆறு. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. நல்ல மென்பொருள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் காலுக்குப் பதிலாக 'ர' எழுத்தைத் தட்டி 'ஈப்பேர' என்று எழுதினால், கண் ஏமாறும், கணினி ஏமாறாது. அது வேறு சொல் என்றே அட்டவணையில் போடும்.

சிலர் 'இப்போ' என்று எழுதுவார்கள். பேச்சுத் தமிழில் அதற்கு 'இப்பொழுது' என்றும் பொருள். பாவம், தேடுபொறி எதை எடுத்துக்கொள்ளும்?

இடப்பெயர் மாற்றமும் இதில் சேர்ந்துகொள்கிறது. இன்றைய தெலுக் இந்தான் 1982ஆம் ஆண்டு வரை தெலுக் அன்சன். தோட்டங்களுக்கோ ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்க, நம் மக்கள் தங்களுக்குள் வேறொரு பெயர் சொல்லி அழைத்தார்கள். ஆகவே பக்கத்தின் தலைப்பில் ஒரு பெயரையும் முதல் பத்தியில் மற்றப் பெயர்களையும் எழுதி வையுங்கள். தலைப்பு வெறுமனே 'முகப்பு' என்று இருந்தால் யாருக்கும் பயனில்லை.

பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியக்கூடும். 'ஈப்போ' மட்டுமே 45 எழுத்துகள்! எனவே முகவரி சுருக்கமாக இருப்பது நல்லது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

உங்கள் பள்ளியின் அல்லது கோயிலின் இணையத்தளத்தைத் திறந்து, இந்த ஐந்தையும் செய்து பாருங்கள்.

1. பக்கத்தில் ஒரு வரியை நகலெடுத்துத் தேடுபொறியில் ஒட்டுங்கள். கிறுக்கலாக வந்தால் பழைய குறியீடு. நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது படமாக இருக்கலாம்.

2. ஒட்டிய அந்த வரியை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடுங்கள். தமிழாகத் தெரிந்தும் பக்கம் வரவில்லை என்றால், அட்டவணையில் சேராதிருக்க வாய்ப்புண்டு. ரோபோட்ஸ் கோப்பையும் நோ இண்டெக்ஸ் கட்டளையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

3. எல்லா இணைப்புகளையும் ஒருமுறை அழுத்துங்கள். 404 வருபவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. கைப்பேசியில் திறந்து பாருங்கள். பக்கத்தின் கைப்பேசி வடிவத்தையே கூகுள் முதன்மையாகப் படிக்கிறது. கணினியில் மட்டும் தெரியும் செய்தி கணக்கில் சேராமல் போகலாம்.

5. தளத்தின் எல்லாப் பக்கங்களையும் வரிசைப்படுத்தும் தளவரைபடக் கோப்பு இருக்கிறதா என்று பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

கண்டதை ஒரு தாளில் எழுதி, தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் பணிவாகக் கொடுங்கள். பிறர் தளத்தில் நாமே கைவைக்கக் கூடாது. முக்கியமான பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தில் ஒரு நகல் எடுத்து வைப்பதும் நல்லது. தளத்தின் ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால், எல்லாம் ஒரே நாளில் மறைந்துவிடக்கூடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒரு பெரியவரிடம் பேசி, ஒரு தோட்டத்தைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: யூனிகோடில், சரியான தலைப்போடு, எல்லாப் பெயர்களோடும். அந்தப் பெயரை அடுத்து ஒருவர் தேடும்போது உங்கள் பக்கம் அவருக்குக் கிடைக்கட்டும்.