அப்பா அம்மாவுக்கு 60-ம் கல்யாணம்: எல்லோரும் ஏன் திருக்கடையூர் போகிறார்கள்? நாள் குறிப்பது எப்படி? முழு விவரம்

மாப்பிள்ளைக்கு 60 வயசு. பொண்ணுக்கு 54, 55 இருக்கும். கழுத்தில் மாலை, நெற்றியில் விபூதி, சுற்றிலும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் மூட்டுவலி. பக்கத்து ஹோம குண்டத்தில் இன்னொரு ஜோடி, அதற்கடுத்து இன்னொன்று. திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயில் பிரகாரத்தில் இது திருவிழா நாள் காட்சி இல்லை. சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலும் இப்படித்தான் இருக்கும்.

"அப்பாவுக்கு அடுத்த வருஷம் 60 ஆகுது, திருக்கடையூர்ல பண்ணிடலாமா?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கலாம். அது என்ன சடங்கு, ஏன் அந்த ஊர், எந்த நாளில் செய்வது, பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது திருக்கடையூர்?

மயிலாடுதுறையில் இருந்து கிழக்கே, தரங்கம்பாடி போகும் சாலையில் சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிற ஊர். முன்பு நாகப்பட்டினம் மாவட்டம். 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனதும் அதில் வந்துவிட்டது. கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தேவாரத்தில் இந்த ஊரின் பெயர் கடவூர். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம்.

வயலும் வாய்க்காலுமாக இருக்கிற சின்ன ஊர்தான். ஆனால் கோயிலைச் சுற்றி நடந்தால் தங்கும் விடுதி, கல்யாண மண்டபம், பூக்கடை, போட்டோ ஸ்டூடியோ, சமையல் கான்ட்ராக்டர் என்றுதான் போர்டுகள் தெரியும். அறுபதைத் தாண்டியவர்களின் கல்யாணத்தை நம்பி ஒரு ஊரே பிழைக்கிறது.

ஏன் இந்தக் கோயில்?

காரணம் மார்க்கண்டேயன் கதை. 16 வயதுதான் ஆயுள் என்று விதிக்கப்பட்ட பையன். உயிரை எடுக்க எமன் வருகிறான். பையன் ஓடிப்போய் லிங்கத்தைக் கட்டிக்கொள்கிறான். எமன் வீசிய பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழுகிறது. சிவன் வெளிப்பட்டு எமனைக் காலால் உதைக்கிறார். மார்க்கண்டேயனுக்கு என்றும் 16.

அந்தச் சம்பவம் நடந்த இடம் இதுதான் என்பது தல புராணம். சிவன் வீரச்செயல் செய்த எட்டு இடங்களை அட்ட வீரட்டானம் என்பார்கள். அதில் எமனை உதைத்த வீரட்டம் கடவூர். இங்கே காலசம்ஹார மூர்த்தி என்ற பெயரில் செப்புத் திருமேனி இருக்கிறது. தெற்கு நோக்கிய சன்னதி. தெற்கு எமனுடைய திசை என்பதால் அந்த அமைப்பு.

மூலவர் பெயரிலேயே அமிர்தம் இருக்கிறது. பாற்கடலில் கடைந்தெடுத்த அமிர்தக் குடத்தைத் தேவர்கள் இங்கே இறக்கி வைத்தார்கள், பிள்ளையாரைக் கும்பிட மறந்தார்கள், அவர் குடத்தை ஒளித்து வைத்துவிட்டார், கடைசியில் குடமே லிங்கம் ஆனது என்று கதை போகும். கடம் என்றால் குடம். அதனால் அமிர்தகடேஸ்வரர். குடத்தை ஒளித்தவருக்குப் பெயர் கள்ள வாரணப் பிள்ளையார். இப்படி ஒரு பெயர் வைத்துக் கும்பிடும் தைரியம் நம்ம ஊருக்குத்தான் வரும்.

எமனை ஜெயித்த சிவன், சாகாமைக்கான அமிர்தம். இரண்டும் ஒரே இடத்தில். ஆயுளுக்காக வேண்டிக்கொள்ள மக்கள் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில்தான் செய்ய வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டில் செய்கிறார்கள், குலதெய்வக் கோயிலில் செய்கிறார்கள், சொந்த ஊர் சிவன் கோயிலில் செய்கிறார்கள். அதுவும் முறைப்படி சரிதான். "அங்க போனாத்தான் பலன்" என்று யாராவது சொன்னால், அவர் யார், எதற்காகச் சொல்கிறார் என்று ஒருமுறை யோசியுங்கள்.

60-ல் என்ன விசேஷம்?

தமிழ் ஆண்டுகள் மொத்தம் 60. பிரபவ-வில் தொடங்கி அட்சய-வில் முடியும், பிறகு மறுபடியும் பிரபவ. நீங்கள் பிறந்த ஆண்டின் பெயர் உங்கள் வாழ்க்கையில் இரண்டாவது முறை வருவது 60 வயது முடியும்போதுதான். உதாரணமாக 1966 ஜூலையில் பிறந்தவர் பராபவ ஆண்டில் பிறந்தவர். 2026 ஏப்ரல் முதல் 2027 ஏப்ரல் வரை ஓடுவதும் பராபவ ஆண்டுதான். ஒரு சுற்று முடிந்தது, மறுபடி பிறந்த மாதிரி. அதனால்தான் மறுபடி கல்யாணம்.

இதற்குப் பின்னால் வானக் கணக்கு ஒன்றும் உண்டு. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற சுமார் 12 ஆண்டு, சனிக்கு சுமார் 30 ஆண்டு. வியாழன் 5 சுற்று, சனி 2 சுற்று முடித்தால் 60. அப்போது இரண்டும் ஏறக்குறைய பழைய ராசிக்கே வந்து நிற்கும். துல்லியமாகக் கணக்குப் போட்டால் (11.86 மற்றும் 29.46 ஆண்டுகள்) அது 59 ஆண்டை ஒட்டி வரும். பஞ்சாங்கம் முழு எண்ணாக 60 என்று வைத்துக்கொண்டது.

60 மட்டும் இல்லை, வரிசையாகச் சடங்குகள் இருக்கின்றன. 59 முடிந்து 60-வது வயது தொடங்கும்போது உக்ரரத சாந்தி. 60 முடிந்து 61 தொடங்கும்போது சஷ்டியப்தபூர்த்தி, அதாவது நாம் சொல்கிற அறுபதாம் கல்யாணம். 70-ல் பீமரத சாந்தி. 80-ல் சதாபிஷேகம்.

சதாபிஷேகத்தை "ஆயிரம் பிறை கண்டவர்" என்பார்கள். வாட்ஸ்அப்பில் இதை நம்பாமல் கேலி செய்கிற ஒரு மெசேஜ் சுற்றுகிறது. கணக்கு சரியா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.53 நாள். ஆயிரம் பௌர்ணமிக்கு 29,530 நாள். அதாவது 80 வயது முடிந்து சுமார் 10 மாதம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் சிலர் 80 முடிந்த உடனே செய்யாமல் சில மாதங்கள் தள்ளிச் செய்கிறார்கள்.

இப்போது ஏன் இவ்வளவு கூட்டம்?

1950-களின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டு. இப்போது 70-ஐ ஒட்டி இருக்கிறது. அந்த 32-க்குப் பெரிய காரணம் குழந்தை மரணங்கள் என்பதால், எல்லோரும் 32 வயதில் இறந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் கணவன், மனைவி இருவரும் உயிரோடு இருந்து, கணவர் 60-ஐத் தாண்டுவது அந்தக் காலத்தில் பல குடும்பங்களுக்குக் கிடைக்காத விஷயம். ஊரே வந்து பார்த்துக் காலில் விழுந்தது அதனால்தான். இன்று தடுப்பூசி, மருத்துவமனை, சர்க்கரை மாத்திரை எல்லாம் சேர்ந்து அந்த வயதைச் சாதாரணம் ஆக்கிவிட்டன. சடங்கு மட்டும் அதே மரியாதையோடு நிற்கிறது.

இன்னொரு காரணம் பணம். தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 58-ல் இருந்து 59 ஆனது, 2021-ல் 60 ஆனது. ரிட்டையர்மென்ட் பணம் கைக்கு வருவதும் அறுபதாம் கல்யாணமும் இப்போது ஒரே வருஷத்தில் வந்து நிற்கின்றன. வீட்டுக் கடனுக்கா, பொண்ணு கல்யாணத்துக்கா, இதற்கா என்ற கேள்வி எழுவது இந்த இடத்தில்தான்.

நாள் குறிப்பது எப்படி?

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஆதார் கார்டில் இருக்கிற தேதியைப் பார்க்கக் கூடாது. ஒன்று, அது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம். இரண்டு, இந்தச் சடங்குக்குத் தேதி கணக்கே இல்லை. பிறந்த தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான் கணக்கு.

அப்பா பிறந்தது பராபவ ஆண்டு ஆவணி மாதம், ரோகிணி நட்சத்திரம் என்றால், 60 ஆண்டு கழித்து வரும் பராபவ ஆண்டு ஆவணி மாதத்து ரோகிணி அன்று செய்ய வேண்டும். நட்சத்திரச் சுற்று 27 நாள் சொச்சம் என்பதால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். அப்போது இரண்டாவதை எடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கம்.

ஜனவரி முதல் ஏப்ரல் பாதிக்குள் பிறந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்கவும். 1966 பிப்ரவரியில் பிறந்தவர் பராபவ இல்லை, அதற்கு முந்தைய விசுவாவசு ஆண்டில் பிறந்தவர். அவருக்கு 60-ம் கல்யாணம் 2026 பிப்ரவரியிலேயே வந்துவிடும். ஆண்டு பெயரை மட்டும் தப்பாக எடுத்துக்கொண்டு ஒரு வருஷம் தள்ளிப் பத்திரிகை அடித்துவிடாதீர்கள்.

அன்று என்ன நடக்கும்?

முதல் நாள் மாலை ஒரு கால பூஜை, மறுநாள் காலை மீதி என்று செய்பவர்கள் உண்டு. ஒரே காலையில் முடிப்பவர்களும் உண்டு. கோ பூஜை, கஜ பூஜை, பிள்ளையார் வழிபாடு. பிறகு கலசங்களில் தண்ணீர் நிரப்பி, நூல் சுற்றி, மாவிலை வைத்து வரிசையாக அடுக்குவார்கள். 16, 32, 64 என்று கலசத்தின் எண்ணிக்கை கூடும், அதற்கேற்பச் செலவும் கூடும். நீண்ட ஆயுளுக்கான ஹோமங்கள் நடக்கும்.

ஹோமம் முடிந்ததும் தம்பதியை உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடை பிடித்து, கலச நீரைப் பிள்ளைகளும் சொந்தக்காரர்களும் ஊற்றுவார்கள். எல்லோரும் ரொம்ப நாள் பேசப்போவது இந்தக் கட்டத்தைத்தான். சின்ன வயதில் தன் தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டிய அப்பா அம்மாவுக்கு, பிள்ளைகள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மந்திரம் புரியாதவர்களுக்கும் கண் கலங்கிவிடும். வயதானவர்களுக்கு மாற்றுத் துணியும் துண்டும் கையோடு எடுத்துப் போங்கள், ஈரத்தோடு ரொம்ப நேரம் உட்கார வைக்காதீர்கள். அதன்பிறகு புது உடை, மாலை மாற்றுதல், தாலி கட்டுதல். முடிந்ததும் அமிர்தகடேஸ்வரர், காலசம்ஹார மூர்த்தி, அபிராமி அம்மன் தரிசனம்.

தாலியைப் பற்றிப் பேசும்போது இந்த ஊரின் இன்னொரு கதை ஞாபகம் வருகிறது. 63 நாயன்மார்களில் குங்கிலியக் கலயர் கடவூர்க்காரர். கோயிலுக்குக் குங்கிலியத் தூபம் போடுவதையே வேலையாக வைத்திருந்தவர். வறுமை வந்து, பிள்ளைகள் பட்டினி கிடக்க, நெல் வாங்கி வரச்சொல்லி மனைவி தன் தாலியைக் கழற்றிக் கொடுக்கிறார். அவரோ வழியில் குங்கிலிய மூட்டையைப் பார்த்ததும் அதை வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போய்விடுகிறார். பிறகு சிவன் அருளால் வீடு நிறைந்தது என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்த இரவு வீட்டில் காத்திருந்த அந்த அம்மாவின் மனநிலையை நினைத்துப் பார்க்காமல் இந்தக் கதையைக் கடக்க முடியவில்லை.

சடங்கிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. வயதுக் கணக்கு எப்போதும் கணவருடையது. மனைவிக்கு 60 ஆவது யாருக்கும் விசேஷம் இல்லை. கணவரோ மனைவியோ இறந்துவிட்டால் தாலி கட்டும் பகுதி கிடையாது. ஆனால் தனியாக இருப்பவர்களும் ஆயுஷ் ஹோமம், மிருத்யுஞ்ஜய ஹோமம் செய்துகொள்ளலாம், அபிஷேகம், அர்ச்சனை செய்யலாம். "துணை இல்லையே, நான் எதுக்கு" என்று ஒதுங்கும் அம்மாவோ பெரியம்மாவோ வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

அபிராமி பட்டர் யார்?

அமாவாசையைப் பௌர்ணமி என்று சொன்னவர். தஞ்சையை சரபோஜி மன்னர் ஆண்ட காலம். அம்மன் நினைப்பிலேயே இருந்த பட்டரிடம் மன்னர் "இன்னிக்கு என்ன திதி?" என்று கேட்க, தை அமாவாசை அன்று "பௌர்ணமி" என்று வாய் வந்துவிடுகிறது. நிலா வராவிட்டால் உயிர் போகும் நிலை. கீழே நெருப்பு, மேலே கயிற்றில் தொங்கும் உறி. அபிராமி அந்தாதியைப் பாடிக்கொண்டே போக, 79-வது பாடலில் அம்மன் தன் தோட்டை வானத்தில் வீச, அது நிலவாகத் தெரிந்தது என்பது கதை. 1971-ல் வந்த 'ஆதிபராசக்தி' படத்தில் எஸ்.வி.சுப்பையா நடித்த காட்சியால் இது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தை அமாவாசை அன்று கோயிலில் கூட்டம் அலைமோதும். அன்றைக்குக் கல்யாணம் வைத்தால் ரூம் கிடைப்பது கஷ்டம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

"எல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்" என்ற பேக்கேஜில் ஆரம்பிக்கிறது பிரச்சினை. பாத்துக்குறோம் என்பதில் எது எது அடக்கம் என்று எழுத்தில் வாங்குங்கள். கோயிலுக்குக் கட்ட வேண்டிய கட்டணம் இதில் சேர்ந்ததா, தனியா? அதற்கு ரசீது உண்டா? எத்தனை கலசம், எத்தனை பேர் மந்திரம் சொல்ல வருவார்கள்? தட்சிணை தனியா? பூ, மாலை, மேளம், வீடியோ யாருடையது? சாப்பாடு எத்தனை இலைக்கு, அதற்கு மேல் வந்தால் இலைக்கு எவ்வளவு? தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்ப வருமா? இது கடைசிக் கேள்வி மாதிரி தெரிந்தாலும் முதலில் கேட்க வேண்டியது. குடும்பத்தில் யாராவது இறந்து தீட்டு வந்துவிட்டால் தேதி மாறத்தான் செய்யும்.

இணையத்தில் கோயில் பெயரிலேயே பல தளங்கள் இருக்கின்றன. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் எல்லாமே கோயில் நிர்வாகம் நடத்துவது இல்லை. கோயில் அலுவலகத்தில் ஒருமுறை நேரில் விசாரித்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது. 16 கலசத்தோடு எளிமையாகச் செய்தால் குறை என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

எப்படிப் போவது?

ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி பஸ் பிடிக்கலாம், தரங்கம்பாடி பக்கம் போகும் பஸ்கள் திருக்கடையூர் வழியாகப் போகும். ஒரு காலத்தில் மயிலாடுதுறை - தரங்கம்பாடி ரயிலே இந்த வழியாக ஓடியது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். சென்னையில் இருந்து காரில் வந்தால் சிதம்பரம், சீர்காழி வழி.

கோயில் மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். காலை சடங்கு முடிந்து சாப்பிட்ட பிறகு நேரம் இருந்தால், பக்கத்திலேயே இருக்கும் கடவூர் மயானம் கோயிலுக்கு மாலையில் போய் வரலாம். தேவாரப் பாடல் பெற்ற இன்னொரு தலம் அது. பேரப்பிள்ளைகள் அடம் பிடித்தால் தரங்கம்பாடி கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது, திருக்கடையூரில் இருந்து 10 கி.மீ.க்குள்தான்.