குழித்தட்டின் மௌனம்: டி.ஜி.என்.1412 மருந்தாய்வும் நோயெதிர்ப்பியலாளர் பணியும்

புதிய மருந்தை மனித உடலில் செலுத்தலாமா என்னும் வினாவுக்கு விடை காண்பதில் ஆய்வுக்கூட நோயெதிர்ப்பியலாளருக்குப் பெரும்பங்கு உண்டு. மருந்தை இரத்தச் செல்களோடு சேர்த்து அவற்றின் வினையை அளப்பதே அவர் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அளப்பதைக் காட்டிலும், அளக்கும் சூழலை ஐயுறுவதே அப்பணியின் கடினமான பகுதி என்பதை 2006ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்த மருந்தாய்வு ஒன்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

டி.ஜி.என்.1412 என்பது ஜெர்மனியின் டெஜெனெரோ நிறுவனம் உருவாக்கிய எதிர்ப்பொருள். டி செல்களின் மேற்பரப்பிலுள்ள சி.டி.28 ஏற்பியைப் பற்றி, வழக்கமாகத் தேவைப்படும் முதற்குறிப்பு இல்லாமலே அச்செல்களைத் தூண்டவல்லது. எலிகளில் இதையொத்த எதிர்ப்பொருள், அழற்சியை அடக்கும் ஒழுங்காற்று டி செல்களைப் பெருக்கியது. எனவே முடக்குவாதம் முதலிய நோய்களுக்கு இது மருந்தாகும் என எதிர்பார்க்கப்பட்டது.

மார்ச் 13 அன்று நலமுள்ள ஆண்கள் அறுவருக்கு அது செலுத்தப்பட்டது. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். மக்காக் குரங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் இது 500இல் ஒரு பங்கே. ஆயினும் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்குள் அறுவரும் சைட்டோகைன் புயலுக்கு ஆளாயினர். பின்னர்ப் பல உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையால் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

பிரித்தானியாவின் உயிரியல் தரநிலை நிறுவனம் பின்னர் நடத்திய சோதனைகள் இங்குக் கருதத்தக்கவை. மருந்தைக் கரைசலாக மனித வெள்ளணுக்களோடு சேர்த்தபோது அவை வினைபுரியவில்லை. அதே மருந்தைக் குழித்தட்டின் அடிப்பரப்பில் உலர்த்தி ஒட்டவைத்து, அதன்மேல் செல்களை இட்டபோது சைட்டோகைன்கள் மிகுதியாகச் சுரந்தன. மருந்தும் செல்லும் மாறவில்லை. மருந்து செல்லைச் சந்தித்த விதமே மாறியது. குரங்குச் சோதனையின் குறையும் பிறகே புலப்பட்டது. சி.டி.28 ஏற்பியின் வெளிப்பகுதி இரு உயிரினங்களிலும் ஒத்திருந்தாலும், மக்காக் குரங்குகளின் நினைவு டி செல்களில் ஒரு முக்கியப் பிரிவில் அவ்வேற்பியே இல்லை. அந்நிலையில், 500 மடங்கு என்னும் எண் தந்த துணிவு பொருளற்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

கரைசலில் செல்கள் ஏன் வாளாவிருந்தன? 2011இல் வூர்ட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் அதற்கு விடை தந்தனர். திசுக்களில் டி செல்கள் அண்டைச் செல்களோடு இடைவிடாது தொடர்பு கொள்கின்றன. குருதியோட்டத்தில் அத்தொடர்பையும் அதனால் வரும் முனைப்பையும் இழக்கின்றன. எடுத்த செல்களை இரு நாட்கள் நெருக்கமாக வளர்த்தபின், கரைசல் வடிவ மருந்துக்கே அவை வினைபுரிந்தன.

2007இல் வெளிவந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், முதல் அளவைக் கணிக்கும்போது விலங்குகளில் தீங்கு செய்யாத உச்ச அளவை மட்டும் நம்பாமல், மனிதச் செல்களில் மிகக் குறைந்த விளைவைத் தரும் அளவையும் கருத வேண்டும் என்றது. பின்னர் ரஷ்யாவில் இதே எதிர்ப்பொருள், இலண்டன் அளவில் 1000இல் ஒரு பங்கிலிருந்து தொடங்கி மீண்டும் மனிதரில் சோதிக்கப்பட்டது. அப்போது சைட்டோகைன் புயல் எழவில்லை.